சேவல் துரத்துகிறதா? முதுகைக் காட்டாதீர்கள்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு மலைப்பாதை குப்பனூரில் தொடங்குகிறது. இதுபோன்ற அடிவாரக் கிராமங்களில் நாட்டுக்கோழிகளுக்கு நடுவே ஒரு முரட்டுச் சேவல் இருந்துவிட்டால், பிள்ளைகள் கொல்லைப்பக்கம் போகவே பயப்படுவார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண்ணின் காலில் சேவல் கொத்தியது. வெரிகோஸ் நரம்பில் துளை விழுந்து, ரத்தப்போக்கால் அவர் இறந்தார். 2019-ல் மருத்துவ இதழ் ஒன்றில் இது பதிவானது.

பருவத்துக்கு வந்த சேவல், பெட்டைகளுக்குக் காவல் நிற்கும். மனிதரையும் போட்டியாக நினைக்கும். கழுத்து இறகைச் சிலிர்த்து, ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வந்தால், அடுத்தது பாய்ச்சல்தான்.

ஓடினால் இன்னும் துரத்தும். உதைத்தால் சண்டைக்கு அழைத்ததாகிவிடும். முறத்தையோ வாளியையோ குறுக்கே பிடித்து, அதைப் பார்த்தபடியே மெல்ல விலகுங்கள். முட்டை எடுக்கும்போது சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருக்கட்டும். கூரான கால் முள்ளை மழுக்க, கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

கொத்துப்பட்டால் சோப்பு போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். ரத்தம் வந்தால் அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வையுங்கள்.

முரட்டுக் குணம் குஞ்சுகளுக்கும் வரக்கூடும். அதனால் அந்தச் சேவலை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். எதற்கும் அடங்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமை இருக்கவே இருக்கிறது!