“காபியில் கலக்க ஒரு பொடி இருக்கா ஐயா?”

காரைக்குடியில் என் வைத்தியசாலைக்கு வரும் பெண்களில் சிலர், மற்ற நோயாளிகள் எல்லாம் போகட்டும் என்று கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்...

“அவுகளுக்குத் தெரியாம காபியில கலந்து குடுக்க ஒரு பொடி இருக்கா ஐயா?”

“இல்லை ஆச்சி” என்றால் முகம் வாடிவிடும். சித்த வைத்தியரிடம் இல்லாத பொடியா என்று சந்தேகம்!

உண்மையிலேயே இல்லை. விளம்பரம் செய்து விற்கும் பொட்டலங்களில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆங்கில மருத்துவத்தில் டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். தெரியாமல் கலப்பது வைத்தியமே அல்ல.

“ஈரலுக்குத்தான் கீழாநெல்லி இருக்கே” என்று சிலர் தைரியமாகக் குடிக்கிறார்கள். மூலிகையைச் சாப்பிட்டுக்கொண்டே குடிக்கலாம் என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை. கீழாநெல்லியால் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் அந்தத் தவிப்பை அடக்கவும் முடியாது.

பிறகு எதுதான் அடக்கும்? நான் அனுப்புவது ஒரு கூட்டத்துக்கு!

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் என்ற பங்குத் தரகர், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். டாக்டராக இருந்தும் தன் குடியை நிறுத்த வழி தெரியாமல் தவித்தவர். இருவரும் பேசிப் பேசியே தேறினார்கள். அதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசியது. முழுசாகக் குடியை விட்டு நிற்பதில் மற்ற சிகிச்சைகளுக்கு இந்த வழி இளைத்ததல்ல, பல சமயம் ஒருபடி மேல் என்றே தெரிந்தது.

அங்கே என்ன நடக்கும் என்றுதான் எல்லோருக்கும் பயம். நாற்காலிகள் போட்டிருக்கும். பெரும்பாலும் டீ இருக்கும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்கே அறிவுரை கிடையாது. நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கட்டணம் இல்லை, முகவரி எழுதித் தர வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். உறுப்பினர் சந்தா என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. இல்லை!

‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தாரும் போகலாம். ‘மூடிய கூட்டம்’ குடிநோயாளிகளுக்கு மட்டும். போகும் முன் எந்த வகை, தமிழில் நடக்கிறதா, எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிடுங்கள். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் கேட்கலாம். மத்திய அரசின் இலவச எண் 14446-லும், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் சிகிச்சைக்கு வழி கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதையொட்டிப் புத்தி தடுமாறலாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கூட்டம். விட்டவர்கள் அரிஷ்டம், ஆசவம் என்ற பெயரில் வரும் மருந்துகளையும் தொட வேண்டாம். புளிக்கவைத்துச் செய்வதால் அவற்றில் ஆல்கஹால் உண்டு. பல வைத்தியர்களே இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

“அவுக வரவே மாட்டேங்குறாகளே!” என்பீர்கள். நீங்கள் போங்கள். குடிப்பவரின் வீட்டாருக்கென்றே 1951-ல் தொடங்கிய ‘அல்-அனான்’ இருக்கிறது.

பொடி கேட்ட அந்த ஆச்சி அப்படித்தான் முதலில் தனியாகப் போனார். கணவரை அழைத்தபோது அவர் சொன்ன சாக்கு, “உள்ளூர்ல எவனாச்சும் பாத்தா மானம் போயிரும்.” சரி, மதுரைக்குப் போங்கள் என்றேன். இரண்டு மணி நேர பஸ்தானே! கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரமும் போனார். ஏழு மாதம் தொடவில்லை.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். வெட்கத்தில் மூன்று வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து ஒருவர் போன் செய்தாராம். ஏன் குடித்தீர்கள் என்று கேட்கவில்லை. “உங்க நாற்காலி காலியா இருக்கு, வாங்க” என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஆச்சியிடமிருந்து போன். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். “ஐயா, அவுக பஸ் ஏறியாச்சு.”