பல்லாங்குழிப் பலகையை இறக்குங்கள்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. ஒற்றசேகரமங்கலம் அடங்கிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. பல்லாங்குழி மட்டும் எல்லையின் இருபுறத்துக்கும் சொந்தம். 14 குழிகள், கைப்பிடி மஞ்சாடிக்குரு அல்லது புளியங்கொட்டை போதும். பொழுதுபோகாதவர்களின் ஆட்டம் என்று இதை ஒதுக்குவது தவறு. எந்தக் குழியில் எடுத்தால் ஓட்டம் எந்த வெற்றுக்குழியில் முடியும் என்று முன்கூட்டியே கணக்கிடுபவரே அதிகம் அள்ளுகிறார். நான்கு முத்து சேர்ந்த ‘பசு’வைத் தவறவிடாமல் எடுக்கவும் கவனம் வேண்டும். ஆப்பிரிக்காவிலும் மலேசியாவிலும்கூட இதன் உறவு ஆட்டங்கள் உண்டு. கைபேசியிலேயே ஆடலாமே என்பார்கள். ஆடலாம், ஆனால் அங்கே எண்ணுவது கருவி. பலகையிலோ குழந்தையின் விரல் எண்ணுகிறது, எதிரே பாட்டி சரிபார்க்கிறார். இந்த ஓணத்துக்குப் பரணில் கிடக்கும் பலகையை இறக்கிப் பிள்ளைகளோடு ஆடுங்கள், நேயர்களே.