இரவில் மலையேறும் வாத்து

"வரித்தலை வாத்துக்குக் கருவி மாட்டி, அது போகும் வழியை வரைபடத்தில் கோடு போடுகிறார்களே, அந்தக் கோட்டால் என்ன பயன்?" என்று நாங்குநேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெறும் கோட்டால் பெரிய பயனில்லைதான். செயற்கைக்கோள் வழியாக வருவது இடமும் நேரமும் மட்டும். அந்த இடத்தில் அந்த நேரத்தில் காற்று எந்தத் திசை, எவ்வளவு குளிர் என்று வானிலைப் பதிவிலிருந்து எடுத்து ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுத வேண்டும். வானிலைப் பதிவோ கட்டத்துக்குக் கட்டம், சில மணிக்கு ஒருமுறைதான் கிடைக்கும். பறவை அவற்றுக்கு நடுவில் எங்கோ பறந்துகொண்டிருக்கும். இடைவெளியைக் கணக்கிட்டு நிரப்பும் வேலையை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் மூவ்பேங்க் தளம் செய்துதருகிறது.

வரித்தலை வாத்து வலசையில் கடக்கும் இமயத்தில், பகல் வெயிலுக்குச் சரிவுகள் சூடேறி, காற்று மேல்நோக்கி வீசும். வாத்து அதில் தொற்றிக்கொண்டுதான் ஏறும் என்று நினைத்திருந்தார்கள். 2011-இல் வந்த ஆய்வு பறவையின் தடத்தையும் வானிலையையும் சேர்த்துப் பார்த்தது. வாத்துகள் ஏறியது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், அந்தக் காற்று அடங்கிய பிறகு! சிறகடித்தே 7, 8 மணி நேரத்தில் மலையேறியிருக்கின்றன.

லாரி ஓட்டிய என் மாமா, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தக் காலத்தில் நள்ளிரவுக்கு மேல்தான் ஏறுவார். "ராத்திரியில வண்டி நல்லா இழுக்கும்டா" என்பார். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இஞ்சினுக்கும் நுரையீரலுக்கும் ஒரே இழுப்பில் கூடுதல் ஆக்சிஜன். சிறகுக்கோ நல்ல பிடிமானம். சூடும் ஏறாது.

இன்னொரு வேடிக்கை. உடலுக்குள் கருவி பொருத்திய மங்கோலிய வாத்துகளின் இதயத்துடிப்பை வைத்து 2015-இல் வந்த ஆய்வு சொன்னது: பள்ளத்தாக்கு வந்தால் இறங்கிவிடுகின்றன, மேடு வந்தால் மறுபடி ஏறுகின்றன. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை விட நமக்கு மனசு வராது. வாத்துக்கு, மெல்லிய காற்றில் மேலேயே பறப்பதைவிட இறங்கி ஏறுவது செலவு குறைவு.

நம் ஊரில் கருவி மாட்டிய அன்று செய்தி வரும், படம் வரும். கிடைத்த எண்கள் பல நேரம் யாருடைய கணினியிலோ உறங்கிப்போகும். பறவை சுமந்த சுமைக்கு அது நியாயமில்லை.

ஜனவரியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள், தலையில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ள வாத்தைப் பார்த்தால் படத்தோடு நிறுத்தாதீர்கள். தேதியையும், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.