ஓ.ஆர்.எஸ். கரைக்க எவ்வளவு தண்ணீர்? - செய்முறை எழுதும்போது நாம் விட்டுவிடும் முக்கியமான விஷயம்!

"குழந்தைக்கு வயித்தால போகுதா? ஓ.ஆர்.எஸ். கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடு."

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மாவோ அத்தையோ அனுப்பும் இந்த மெசேஜில் அக்கறைக்குக் குறைவில்லை. அளவுதான் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 20.5 கிராம் பொடியை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 200 மில்லி தண்ணீருக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு பல மடங்காகிவிடும். ரத்தத்தில் சோடியம் எகிறி, குழந்தைக்கு வலிப்பு வரும் அளவுக்குக்கூடப் போகலாம். தண்ணீர் அதிகமானாலோ போதிய பலன் இருக்காது.

கூலி எதற்கு?

1980-ல் வங்கதேசத்தின் 'பிராக்' தொண்டு நிறுவனம் இதே சிக்கலைச் சந்தித்தது. கிராமத்து வீடுகளில் தராசு இல்லை. பல அம்மாக்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கையையே அளவாக்கினார்கள். மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அதாவது சுமார் அரை லிட்டர். (பாக்கெட் எளிதாகக் கிடைக்கும் இன்று, நாம் கைக்கணக்கில் இறங்க வேண்டாம்!) அம்மாக்கள் நினைவில் வைக்கவேண்டிய குறிப்புகள் முதலில் பத்து இருந்தன. பிறகு ஏழாகக் குறைத்தார்கள்.

பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், அம்மாவையே கலக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து திருத்தினார்கள். பிறகு வேறொருவர் போய், அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குச் சம்பளம். சொல்லிக்கொடுத்ததற்கு அல்ல, கேட்டவருக்குப் புரிந்ததற்குத்தான் கூலி! இப்படிப் பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

இதிலும் ஒரு சறுக்கல். செய்முறை தெரிந்தும் ஆரம்பத்தில் பல அம்மாக்கள் அதைப் பயன்படுத்தவில்லை. விசாரித்தால், சொல்லிக்கொடுத்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது வேறு மருந்துகளைத் தேடியிருக்கிறார்கள். அவர்களுக்கே நம்பிக்கை இல்லை! பிறகுதான் இந்தக் கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு விளக்கினார்கள். ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள்.

பெரியம்மா மெசேஜை மாற்றி எழுதினால்...

"பாக்கெட்டைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி, எவ்வளவு தண்ணின்னு அதுல பாரு. ஒரு லிட்டர்னு போட்டிருந்தா, கொதிக்க வச்சு ஆறின தண்ணிய ஒரு லிட்டர் பாட்டில்ல அளந்து எடு. டம்ளர் கணக்கு வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, முழு பாக்கெட்டையும் கொட்டிக் கரை. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்காத. ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போன பிறகும் 50-லேருந்து 100 மில்லி, ஸ்பூன்ல குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா குடு. தாய்ப்பாலை நிறுத்தாத. 24 மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருந்தா கொட்டிடு. இது பேதியை உடனே நிறுத்தாது, உடம்புல இருந்து போற தண்ணியையும் உப்பையும் ஈடு கட்டும். அதனால நிக்கலையேன்னு பாதியில விட்டுடாத. மலத்துல ரத்தம் வந்தாலோ, கண்ணு குழி விழுந்தாலோ, குடிக்கக்கூட முடியாம துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ."

மெசேஜ் நீளம்தான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் தேவை. 'கிழிக்கிறதுக்கு முன்னாடி' என்று தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அளவு பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். கிழித்த பாக்கெட் நேராகக் குப்பைக்குப் போய்விடும்.

நீங்கள் எழுதியது சரியா என்று தெரியவேண்டுமா? விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம்! அவர் கை எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

அப்பாவின் மாத்திரை டப்பாவில் ஒட்டும் சீட்டுக்கும் இது பொருந்தும். 'காலையில் ஒன்று' என்று எழுதியிருந்தால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி: "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"