யார் கணக்கு? - புராசஸருக்குள் ஒரு ஹேங்க் மீட்டர்



கோவில்பட்டிப் பக்கம் பிறந்த நம்மில் பலர் வீட்டில் யாராவது ஒருவர் மில்லுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போனவராகத்தான் இருப்பார். என் அப்பா ஒரு மில்லில் ரிங் ஃபிரேம் சைடர். அங்கே ஃபிரேமின் ஓரத்தில் ஹேங்க் மீட்டர் இருக்கும். முன் ரோலர் சுற்றச் சுற்ற அது எண்ணிக்கொண்டே போகும். 840 கெஜம் நூல் ஒரு ஹேங்க். மூன்று ஷிப்டுக்கும் தனித்தனி எண்கள். ஷிப்டு மாறும்போது குமிழைத் திருப்பிவிட வேண்டும். ஒரு நாள் யாரும் திருப்பவில்லை. அப்பா நூற்றதெல்லாம் முந்தின ஷிப்டு கணக்கில் ஏறிவிட்டது, கூலியில் குறைந்தது. "மீட்டர் பொய் சொல்லலடா. யார் கணக்குன்னுதான் தெரியாமப் போச்சு" என்று இன்றும் சொல்வார்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான்!

புராசஸரில் இப்படிப்பட்ட மீட்டர்கள் உண்டு. அவற்றை ஹார்டுவேர் கவுண்ட்டர் என்கிறோம். எத்தனை கிளாக் ஓடியது, எத்தனை கட்டளை முடிந்தது, தேடிய டேட்டா எத்தனை தடவை கேச்சில் கிடைக்காமல் போனது என்று எண்ணும். 1993-இல் வந்த பென்டியத்தில் கிளாக் கவுண்ட்டர் போக இரண்டு கவுண்ட்டர்கள் இருந்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' புராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் முறையில் அமைந்தவை. 2018-இல் சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி கிளாக்குக்கு ஒன்று, கட்டளைக்கு ஒன்று, அதுபோக 29 கவுண்ட்டருக்கு இடம் உண்டு.

சரி, கவுண்ட்டர் என்பது ஒரு ரிஜிஸ்டர்தானே? நேராகப் படித்தால் போச்சு! நடுவில் கெர்னல் எதற்கு, டிரைவர் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இண்டர்ஃபேஸை வகுப்பவர் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, எதை எண்ணுவது? கேச் தவறுக்கு ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு குறியெண். நாம் பொதுப் பெயரைச் சொன்னால், டிரைவர் அதை அந்தந்த சிப்பின் எண்ணாக மாற்றிக் கொடுக்கும்.

இரண்டு, யார் கணக்கு? ஒரே புராசஸரில் பல புரோகிராம்கள் மாறி மாறி ஓடுகின்றன. மாறும்போதெல்லாம் கெர்னல் அதுவரை ஏறிய எண்ணை அந்தப் புரோகிராமின் பேரில் எழுதி வைக்க வேண்டும். ஷிப்டுக் குமிழைத் திருப்புவது இதுதான். மறந்தால் பக்கத்துப் புரோகிராம் செய்த வேலை நம் தலையில் விழும்.

மூன்று, கவுண்ட்டர் பத்தவில்லை என்றால்? நாலு கவுண்ட்டரை வைத்துக்கொண்டு எட்டு விஷயம் கேட்டால், கெர்னல் முறை வைத்து எண்ணும். 10 விநாடியில் 5 விநாடி மட்டுமே எண்ணி 400 வந்தால், மொத்தம் ஏறக்குறைய 800 என்று கணிக்கலாம். இது மதிப்பீடுதான். அதனால் எண்ணிய நேரத்தையும் சேர்த்துத் தருவதே நேர்மையான இண்டர்ஃபேஸ்.

நான்கு, யார் படிக்கலாம்? அடுத்தவர் புரோகிராமின் கேச் நடவடிக்கையைக் கவனித்தே அதன் ரகசியச் சாவியை ஊகித்துவிட முடியும். ஆகவே சாதாரண யூசருக்கு அவரவர் புரோகிராம் மட்டும் என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள்.

லினக்சில் முதலில் ஆளுக்கொரு பேட்ச் இருந்தது. 2009-இல் வந்த 2.6.31 கெர்னலில்தான் பொதுவான இண்டர்ஃபேஸ் சேர்ந்தது. ஒரு சிஸ்டம் காலில் வேண்டியதைச் சொன்னால் ஃபைல் எண் கிடைக்கும். ஃபைலைப் போலவே படிக்கலாம், மூடலாம். அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். 32 பிட் புராசஸரில் 64 பிட் கவுண்ட்டரை இரண்டு பாதியாகத்தான் படிக்க முடியும். கீழ்ப்பாதியைப் படிப்பதற்குள் மேல்பாதி ஏறிவிட்டால்? மேல், கீழ், மறுபடி மேல் என்று படித்து, இரண்டு மேலும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் படிக்க வேண்டும். 8051 லேபில் ஓடும் டைமரின் டி.ஹெச்., டி.எல். இரண்டையும் படிக்கிறோமே, அதே வித்தைதான்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? எங்கள் புராஜெக்ட் புரோகிராம் ஆமையாய் நகர்ந்தது. "மிஷின் பழசு சார்" என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். லினக்சில் 'பெர்ஃப் ஸ்டாட்' போட்டுப் பார்த்தபோது கேச் தவறு எக்கச்சக்கம். ஒரு பெரிய மேட்ரிக்ஸை, சி மொழி வரிசை வரிசையாக அடுக்கியிருக்க, நாங்கள் பத்தி பத்தியாகப் படித்திருந்தோம். இரண்டு லூப்பை இடம் மாற்றினோம். அதே பழைய மிஷின் ஓட்டமாய் ஓடியது!

மிஷினைக் குறை சொல்லும் முன் மீட்டரைப் பாருங்கள். மீட்டரைப் பார்க்கும் முன், அது யார் கணக்கு என்று கேளுங்கள். தம்பி தங்கைகளே, உங்கள் புராஜெக்டில் இதை ஒருமுறை செய்து பாருங்கள்!

- மூன்றாம் ஆண்டு, கணினித் துறை