மருத்துவத்துக்குக் கீழே உள்ள வரி

இரண்டு வருடங்களுக்கு முன் என் ராத்தாவின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஊரிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் வைத்துத்தான் நிரப்பினோம். மருத்துவ பீடங்களின் பெயர்களை வாப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, கடைக்கார நானா தட்டச்சுச் செய்தார். "அதற்குக் கீழே என்ன போட?" என்று அவர் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஏதாச்சும் போடுங்க தம்பி" என்றார் வாப்பா.

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புபவர் பெரும்பாலும் முதலில் நான்கு வருடம் வேறொரு பட்டம் படிக்கிறார். அது உயிரியலாகவும் இருக்கலாம், வரலாறாகவும் இருக்கலாம். மருத்துவக் கல்லூரி கேட்கும் விஞ்ஞானப் பாடங்களை இடையே முடித்தால் சரி. யோசிக்க அவகாசம் உண்டு. நாமோ சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு உயிரியல் பிரிவில் சேர்ந்துவிடுகிறோம். பிறகு உயர்தரம், அதிலிருந்து நேரே மருத்துவ பீடம். இடம் கிடைத்தால்தான்!

அதைத் தீர்மானிப்பது இஸட் புள்ளி. எத்தனை புள்ளி எடுத்தோம் என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை; அதே பாடத்தை எழுதிய மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறோம் என்று பார்க்கிறது. மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கணித்துச் சராசரி எடுப்பார்கள். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அதனால்தான் மூன்று 'ஏ' எடுத்தும் மருத்துவம் தவறியவர்கள் இருக்கிறார்கள். ராத்தாவுக்கு இரண்டு 'ஏ', ஒரு 'பி'.

விண்ணப்பத்தில் மேலிருந்து கீழாக வந்து, நம் புள்ளி எட்டுகிற முதல் கற்கைநெறியைத் தருகிறார்கள். ராத்தாவுக்குக் கிடைத்தது அந்த நானா போட்ட வரிகளில் ஒன்று: மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். அது என்ன படிப்பென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உம்மா அழுதார். இப்போது ராத்தா அதை விரும்பித்தான் படிக்கிறார். ஆனால் அதற்கு நாங்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. யோசித்துப் போட்டது நாங்களல்ல.

ஆகவே இந்த விடுமுறையில் அனுமதிக் கைநூலை நானே வாசித்தேன். தாதியியல், மருந்தாளர் கல்வி, கதிரியக்கவியல் எல்லாம் பேராதனையில் பட்டப்படிப்பாகவே உண்டு. மிருக வைத்தியமும் அங்குதான். யூனானி மருத்துவம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும்.

நான் நின்ற இடம் பிஸியோதெரபி என்கிற இயன்மருத்துவம். உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது, கை காலைப் பிடித்து நடக்கப் பழக்க ஒரு பெண் இயன்மருத்துவர் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தோம். ஆண் ஒருவரிடம் போக உம்மம்மா சம்மதிக்கவேயில்லை. அந்த நாட்களில் எங்களுக்குத் தேவைப்பட்டவர் டொக்டர் அல்ல.

மருத்துவம் இன்னும் என் முதல் வரிதான். பொய் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே இயன்மருத்துவம் என்று எழுதி வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"பேராதனையில புள்ளைகளுக்கு ஹொஸ்டல் இரிக்கா?" என்று கேட்டார்.