‘இது சரிப்படாது’ என்று சொல்ல வேலையிடத்தில் இடம் இருக்கிறதா?

காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, “என்ன, எல்லாருக்கும் விளங்குச்சா?” என்று மண்டோர் கேட்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். தன் மருந்துப் பம்பு ஒழுகுவது தெரிந்தவரும் தலையாட்டுவார். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் இதே கதைதான். சொன்ன தேதிக்குள் வேலை முடியாது என்று தெரிந்தும் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. உண்மையான பேச்சு சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கிறது.

இந்த அமைதியை மரியாதை என்று நினைக்கிறோம். ஆனால் கோளாறை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அந்த வேலையைக் கையால் செய்பவர்தான். அவர் பேசாவிட்டால், முடிவெடுப்பவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர்வதே இல்லை.

பயம் எங்கிருந்து வந்தது?

துரை, கிராணி, கங்காணி என்ற வரிசையில்தான் அன்றைய தோட்டம் இயங்கியது. மேலதிகாரி எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பளக் கோரிக்கையோடு இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. போராட்டத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர்.

“வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்காதே” என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்ததற்குப் பின்னால் இத்தகைய அனுபவம் இருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் பேச்சு எடுபடாமல் போனதற்கும் நம் மக்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். பாராகுவாட் களைக்கொல்லி ஓர் உதாரணம். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பலர் பெண்கள். அவர்களின் உடல் உபாதைகளைத் திரட்டி, தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ‘நஞ்சூட்டப்பட்டு, வாயடைக்கப்பட்டவர்கள்’ என்பதே அதன் தலைப்பின் பொருள். அதே ஆண்டு அரசு அறிவித்த தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல்தான் அந்த மருந்து மீண்டும் தடை செய்யப்பட்டது. அந்தப் பெண்களின் உடல் சொன்ன செய்தி சட்டமாக நிலைக்க அத்தனை ஆண்டுகள் ஆகின.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514) திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டுப் பணி, இராணுவம், வணிகக் கப்பல் பணி ஆகியவை தவிர எல்லா வேலையிடங்களுக்கும் இது பொருந்தும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• பாதுகாப்புக் குறை பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ அவருடைய நிலையைத் தாழ்த்தவோ கூடாது (பிரிவு 27).

• உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது (பிரிவு 26ஏ).

• 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

பாதுகாப்பு அல்லாத காரணத்தைக் காட்டி நியாயமின்றி வேலை நீக்கம் செய்தாலும் வழி உண்டு. 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் மனு கொடுக்கலாம். இந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

எப்படிச் சொல்வது?

ஆளைக் குறை சொன்னால் சண்டை வரும். வேலையில் உள்ள குறையைச் சொன்னால் பேச்சு வளரும். “உங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?” என்று தொடங்குவதை விட, மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: என்ன பார்த்தேன், அதனால் என்ன ஆகும், என்ன செய்யலாம்.

“அண்ணே, மூனாம் நம்பர் பம்பு ஒழுகுது. மருந்து முதுகுல படுது. வாஷர் மாத்தித் தந்தா இன்னைக்கே முடிச்சிடலாம்.” இதில் எதிர்ப்பும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. முதலில் நேரடி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் குழுப் பிரதிநிதியிடமோ தொழிற்சங்கத்திடமோ போகலாம். படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வைத்தால், பிறகு “யாரும் சொல்லவில்லை” என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நாற்காலி நம்மிடம் வந்தபோது

இன்று நம்மவர்கள் பலர் மண்டோராக, சூப்பர்வைசராக, மேலாளராக இருக்கிறார்கள். வங்காளதேசத் தொழிலாளியோ இந்தோனேசியத் தொழிலாளியோ “போஸ், இது சரியில்லை” என்று சொன்னால் நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம்? அவரையும் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்கிறோமா?

டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். சிக்கல் உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். அங்கே கயிற்றை இழுப்பது குற்றமல்ல, வேலையின் ஒரு பகுதி. நம் வேலையிடங்களில் அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. “விளங்குச்சா?” என்று கேட்பதற்குப் பதில், “இதுல எங்க தப்பு வரும்?” என்று கேட்கலாம். மற்றவர்கள் பேசி முடித்த பிறகு மேலாளர் தன் கருத்தைச் சொல்லலாம். சொன்ன யோசனையை ஏற்க முடியாவிட்டாலும், ஏன் முடியாது என்று இரண்டொரு நாளில் பதில் தரலாம். பதிலே வராத இடத்தில் அடுத்த முறை யாரும் பேச மாட்டார்கள்.

இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசனைக் கெடுக்கப் பகைவர்கூடத் தேவையில்லை என்பது வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் தரும் எச்சரிக்கை. அது ஒரு சின்ன ஒர்க்ஷாப்புக்கும் பொருந்தும்.

உங்கள் வேலையிடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் தொழிலாளர் பிரதிநிதி யார் என்று இந்த வாரம் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதே ஒரு நல்ல தொடக்கம்.